விழுங்குவதற்கு ஒரு சாட்சி

காசநோய்க்காரர் மாத்திரையைத் தானாக விழுங்குவார் என்று அரசாங்கம் நம்புவதில்லை. நானும் நம்பியதில்லை. அதனால்தான் இந்த நோய்க்கு மட்டும் இப்படி ஒரு வழக்கம். தினமும் ஒரு சாட்சி எதிரில் இருக்க வேண்டும். அவர் கண் முன்னால் நோயாளி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஆறு மாதம், ஒரு நாள் விடாமல். பினாங்கில் நெஞ்சுநோய்க் கிளினிக்கில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் அதிகம் பார்த்தது மனிதர்களின் அண்ணத்தைத்தான்.

எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்பார்கள். ஓய்வு பெற்றாலும் அந்தப் பட்டம் போவதில்லை. வேலை மட்டும்தான் போகும் என்று நினைத்தேன், அதுவும் போகவில்லை. கிளினிக் திறக்கும் நேரத்தில் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பாதி நாள் வேலையை முடித்திருப்பார்கள். அவர்களால் வர முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு வெளியே நம்பகமான ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம் என்று விதியில் இடமிருக்கிறது. அந்த இடம் தேவை என்று ஒரு காலத்தில் கூட்டங்களில் சண்டை போட்டவள் நான். ஓய்வு பெற்றதும் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள்: நீங்களே இருங்கள், மிஸ்ஸி.

அப்படித்தான் கிளினிக் அனுப்பிய ஒருவர் ஒரு விடியற்காலையில் ஜெலுத்தோங்கில் என் வீட்டு கேட்டுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினார். நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, சுத்தமாகச் சவரம் செய்த முகம், வலது கை விரல்களில் சூடு பட்டுக் காய்ந்த தழும்புகள். கையில் தண்ணீர் பாட்டில்.

"உள்ள வாங்க தம்பி. கிளாஸ் வச்சிருக்கேன்."

"வேணாம் சிஸ்டர். என் பாட்டில் இருக்கு."

"இந்த நோய் கிளாஸ்ல ஒட்டாது. காத்துலதான் பரவும். இருமினா, தும்மினா."

"தெரியும் சிஸ்டர். டாக்டரு சொன்னாரு."

தலையை ஆட்டிவிட்டுத் தன் பாட்டிலிலேயே குடித்தார். நான் ஆ காட்டச் சொன்னேன். காட்டினார். மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்று வழக்கமான பாடத்தை ஒப்பித்தேன்.

"போவுது சிஸ்டர். ரூம்ல எல்லாருக்கும் ஒரே கக்கூஸ்தான். நான் ரெண்டு வாளி சேத்து ஊத்திர்றேன்."

மாத்திரை விழுங்க அதிக நேரம் ஆகாது. ஆனால் ஆரம்பத்தில் சிலருக்குக் குமட்டும், வாந்தி எடுத்தால் கணக்கில் வராது. அதனால் கொஞ்ச நேரம் உட்கார வைப்பது என் பழக்கம். கிளினிக்கில் அந்த நேரத்தில் எல்லாரும் சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் வீட்டு வாசலில் சுவரொட்டி இல்லை. அதனால் பேசினார்.

இராமநாதபுரம் பக்கம் கடலோரத்துக் கிராமம். மனைவி வீட்டார் பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிறார்கள். அங்கே கற்றுக்கொண்ட கைதான் இங்கேயும். பினாங்கு ரோடு பக்கம் ஒரு தமிழ் முஸ்லிம் கடையில் தண்ணி கலக்குகிறார். தே, கோப்பி, மைலோ, பண்டோங், கேட்டதெல்லாம். இங்கே வந்தபோது சமையல்காரர் என்றுதான் பெர்மிட் எடுத்தார்களாம். "சமையல் எனக்குத் தெரியாது சிஸ்டர். முட்டை கூடப் பொரிக்க வராது. பெர்மிட்டுக்குத் தெரியும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

படுப்பதைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். மெத்தை ஒன்று, ஆள் இரண்டு. இவருக்குப் பகல் வேலை, இன்னொருவருக்கு இரவில் தட்டு கழுவும் வேலை. இவர் எழுந்தால் அவர் படுப்பார்.

"மெத்தை ஆறவே ஆறாது சிஸ்டர். நான் படுக்கைல அவன் சூடு இருக்கும். அவன் படுக்கைல என் சூடு. இத்தன நாள்ல அவங்கூட உக்காந்து ஒரு டீ குடிச்சதில்ல. ஆனா அவன் என்ன எண்ணெ தேய்க்கிறான்னு எனக்குத் தெரியும்."

அவர் கொடுத்திருந்த முகவரி மாக் மண்டின். பட்டர்வொர்த் பக்கம், பட்டறைகள் நிறைந்த இடம். நோய் கண்டுபிடித்தால் சுகாதார இலாகாவுக்குத் தெரிவித்தாக வேண்டும். அவர்கள் வீட்டுக்குப் போய்க் கூட இருப்பவர்களை எக்ஸ்ரே எடுக்க அழைத்து வருவார்கள். போயிருந்தார்கள். ஒரு பட்டறைக்கு மேலே தங்கியிருந்த தொழிலாளிகள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி எடுத்திருந்தார்கள். எல்லாருக்கும் நுரையீரல் சுத்தம். ஃபெர்ரியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு தினமும் அக்கரையிலிருந்து வருகிறார் போலிருக்கிறது, பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

"ரூம்ல தெரியுமா, தம்பி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"என்ன தெரியுமா?"

"உங்க நோய்."

பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "தெரிஞ்சா எப்புடி சிஸ்டர் இருக்கறது? நான் தண்ணி கலக்குற ஆளு."

ஊரிலும் அதே கதைதான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் வீட்டில் இந்த இருமல் என்று வெளியே தெரிந்தால் அந்த பெஞ்சில் யார் வந்து உட்காருவார்கள்? இங்கேயே இருந்து, யாருக்கும் தெரியாமல் ஆறு மாதத்தை முடித்துவிட்டால் போதும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. கேட்டவுடன் இது நடக்கக்கூடியதுதான் என்று எனக்குத் தோன்றியது. இதைவிடச் சிக்கலானதையெல்லாம் நடத்திக் காட்டியிருக்கிறேன்.

பிறகு நோன்பு வந்தது.

முதல் நாள் காலையில் பாட்டில் இல்லாமல் வந்து நின்றார்.

"இன்னைக்கு முழுங்க முடியாது சிஸ்டர்."

"நோயாளிக்கு விலக்கு இருக்கே தம்பி. உங்களுக்குத் தெரியாததா? அப்புறம் பிடிச்சுக்கலாம்."

"விலக்கு இருக்கு. கடையில எல்லாரும் நோன்பு. நான் மட்டும் பிடிக்கலைன்னா ஏன்னு கேப்பாங்கல்ல? என்ன சொல்றது?"

விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் விழுங்கலாம் என்றால், அந்த நேரத்துக்கு அறையில் எல்லாரும் விழித்திருப்பார்கள். அப்படியானால் நோன்பு திறக்கும் நேரம்தான். அந்த நேரத்தில் தண்ணி கலக்குகிற ஆள் கடையை விட்டு எங்கே போவார்? போக முடியாது. சரி, சாட்சி கடைக்குப் போகட்டும். சாட்சி எங்கே நிற்க வேண்டும் என்று எந்த விதியிலும் சொல்லவில்லை.

அன்று மாலையிலிருந்து நான் அந்தக் கடையின் வாடிக்கையாளர் ஆனேன். தண்ணி கலக்கும் மேடைக்கு நேர் எதிரில் ஒரு மேசை. பாங்குக்கு ஐந்து நிமிடம் முன்பே கடை நிரம்பிவிடும். எல்லார் முன்னாலும் பேரீச்சம்பழம், கஞ்சி, நிறம் நிறமான தண்ணீர். யாரும் தொடமாட்டார்கள். அவர் மட்டும் இரண்டு கையாலும் கலக்கிக்கொண்டே இருப்பார். பாங்கு கேட்டதும் கடை முழுக்கத் தலை குனியும். அந்த ஒரு கணம்தான் எங்களுக்கு. அலமாரிப் பக்கம் திரும்பி மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறப்பார். நான் தலையை ஆட்டுவேன். பார்க்கிறவர்களுக்கு ஒரு கிழவி பால் சேர்க்காத தே ஓ கேட்பதாகத்தான் தெரியும். மாத்திரைக்குப் பிறகு உடனே சாப்பிடக் கூடாது. அதனால் நாளெல்லாம் பட்டினி கிடந்தவர் அதற்குமேலும் கொஞ்ச நேரம், வேலை இருக்கு, வேலை இருக்கு என்று சொல்லிக்கொண்டு மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தபடி நிற்பார்.

கல்லாவில் முதலாளி. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய வாப்பாவுக்கு முன்னொரு காலத்தில் நான் ஊசி போட்டிருக்கிறேன், வேறு நோய்க்கு.

"என்னா மிஸ்ஸி, இந்த வருஷம் நோன்பா?"

"வயசாச்சு. புண்ணியம் எங்க கெடச்சாலும் சேத்துக்கலாம்னு."

"அப்ப மத்தியானம் ஜெலுத்தோங் பசார்ல மீ கோரேங் தின்னது யாருலா? உங்க அக்காவா?"

"அது மருந்து."

"மருந்துக்கு ரெண்டு தட்டா?"

மேடைக்குப் பின்னால் அவர் சிரித்தார். "சிஸ்டருக்குச் சீனி கொறச்சு" என்று தானே ஒரு தே ஓவைக் கொண்டுவந்து வைத்தார். "சிஸ்டர் இல்லடா, இங்க மிஸ்ஸி" என்றார் முதலாளி. அன்றிலிருந்து நான் மிஸ்ஸிக்கா ஆனேன். உண்மையைச் சொன்னால், அந்த மாலைகள் எனக்குப் பிடித்திருந்தன. ஓய்வு பெற்ற பிறகு ஒரு திட்டம் பிசகாமல் நடப்பதைப் பார்க்கும் சந்தோஷம் அதிகம் கிடைப்பதில்லை.

நோன்பு மாதத்தின் பாதியில் ஒரு மாலை, கடைக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டிலிருந்து ஓர் ஆள் இறங்கி வந்தார். அப்போதுதான் எழுந்த முகம், தோளில் துண்டு. நோன்புக் கூட்டத்துக்காக அந்த வாரம்தான் கடையில் வேலை நேரத்தை மாற்றியிருந்தார்கள். இரவு வேலைக்காரர்கள் மாலையிலேயே இறங்கிவிடுவார்கள். அந்த ஆள் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, துண்டை வாயில் வைத்துக்கொண்டு இருமினார்.

சின்ன இருமல். பெரிய இருமல்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அவை சத்தம் போட்டுவிட்டுப் போய்விடும். இது மற்றவர்களுக்குக் கேட்காமல் இரும நீண்ட நாள் பழகியவரின் இருமல். விலாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நான் தே ஓவைக் கீழே வைத்தேன்.

மேடையிலிருந்து அவர் என்னைப் பார்த்தார், பிறகு அந்த ஆளைப் பார்த்தார். என் மேசையைத் துடைக்க வந்தபோது கேட்டேன்.

"யாரு தம்பி அது?"

"அவந்தான் மிஸ்ஸிக்கா. என் மெத்தைக்காரன்."

"மெத்தை மாக் மண்டின்ல இல்ல?"

துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசை.

"மேல, மிஸ்ஸிக்கா. இந்தக் கடைக்கு மேலதான். மாக் மண்டின் எங்க ஊர்க்காரர் ரூமு. ஒரு தடவ விருந்துக்குப் போயிருக்கேன்."

அவர் முகவரியை மாற்றிச் சொன்னது என்னைக் கோபப்படுத்தவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், இன்னும் நேர்த்தியாகச் செய்திருப்பேன். ஒரு நாளும் இவருடன் படுக்காத ஆட்களை முறைப்படி பரிசோதித்து நாங்கள் கோப்பை மூடியிருக்கிறோம். இவருடைய சூடு ஆறாத மெத்தையில் படுத்தவர் மாடியில் இருமிக்கொண்டிருந்திருக்கிறார். அவருடன் இன்னும் ஓர் அறை நிறைய ஆட்கள்.

அன்று வீட்டுக்கு வந்து எல்லா வழிகளையும் யோசித்தேன். மெத்தைக்காரரைத் தனியாகக் கிளினிக்குக்கு அனுப்பலாம், இவருடைய பெயர் வராமல். அவருக்கு நோய் என்று தெரிந்தால் அவருடைய அறைக்குத்தான் ஆள் வருவார்கள். அறையில் எல்லாரையும் எக்ஸ்ரே எடுக்கும்போது இவரும் வரிசையில் நிற்பார், ஏற்கெனவே மருந்தில் இருப்பவர் என்று கணினியில் வரும். அறைக்கு ஆள் வராமலே பார்த்துக்கொள்ளலாமா? அதற்கும் ஒரு வழி எனக்குத் தெரியும். அந்த வழியில் போனால் மாடியில் இன்னும் ஒருவர் இருமுவார், பிறகு இன்னும் ஒருவர். விதிகளில் எங்கே சந்து இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? இதில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் யாராவது ஒருவரின் நெஞ்சை மிதித்துக்கொண்டுதான் வெளியே வர முடியும்.

மறுநாள் மாலை நோன்பு திறந்த பிறகு கடைக்குப் பின்னால் கூப்பிட்டேன். சாக்கடை ஓரம், கவிழ்த்து வைத்த பால் டின்கள்.

"நான் சொல்லியாகணும் தம்பி."

"சொல்லாம இருக்க முடியாதாக்கா?"

"முடியாது."

"அவன நான் பாத்துக்கறேன். என் மாத்திரயில பாதி குடுக்கறேன்."

"அப்புறம் ரெண்டு பேருக்கும் குணமாகாது. மருந்துக்கு அடங்காத நோயா மாறும்."

ஒரு பால் டின்னைக் காலால் நகர்த்தினார். உள்ளே யாரோ "அண்ணே, தே தாரிக் ரெண்டு!" என்று கத்தினார்கள். "இந்தா வர்றேன்" என்று பதில் கொடுத்தார். போகவில்லை.

"சொல்லுங்க மிஸ்ஸிக்கா. அவன் இருமுறது எனக்கும் கேக்குது. நான் எந்திரிச்சுப் போன மெத்தைல தான படுக்குறான்."

சொன்னேன். வந்தார்கள். வந்த அதிகாரி என்னிடம் பயிற்சி பெற்றவர், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். அறையில் மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. மெத்தைக்காரருக்கு நோய், அதுவும் சளியில் கிருமி நிறைய. அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். இவருடைய விஷயமும் கூடவே வெளியே வந்தது.

முதலாளியைப் பார்க்கப் போனேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உக்காருங்க மிஸ்ஸி. எங்க வாப்பாக்கு ஊசி போட்ட கை. உங்ககிட்ட நான் என்னா பேசறது? நல்ல ஆளுலா அவன். அவன் கலக்குற தே குடிக்க கெப்பாலா பத்தாஸ்லேருந்து ஆள் வருது."

"தேயில இது பரவாது."

"எனக்குத் தெரியும். நீங்க சொல்லிட்டீங்க, அதிகாரி சொல்லிட்டாரு. கஸ்டமருக்கு யாரு சொல்றது? ஒவ்வொரு மேசைக்கும் வந்து நீங்க சொல்வீங்களா?"

சொல்வேன் என்று வாய்வரை வந்தது. அந்தக் கேள்வி அவர் கடைக்கானது மட்டும் அல்ல, ஊரில் அந்த டீக்கடை பெஞ்சுக்கும் சேர்த்துத்தான் என்பது எனக்குத் தெரிந்திருந்ததால் சொல்லவில்லை.

"பெர்மிட் முடிச்சு அனுப்பிடறேன். சம்பளம், டிக்கெட், எல்லாம் சட்டப்படி. பெருநாள் முடியட்டும். பெருநாளுக்கு முன்னாடி அனுப்புனா நல்லா இருக்காது."

சட்டப்படிதான். நான் தேடிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. ஒன்றே ஒன்று கிடைத்தது: சளியில் கிருமி இருக்கும்வரை விமானத்தில் ஏற்றக்கூடாது. அதைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் மாத முடிவில் சளிப் பரிசோதனை, அதுவரை யாரும் அவரைத் தொட முடியாது என்று முதலாளியிடம் அதிகாரமாகச் சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதுவரை மேடையில் வேறு ஆள். இவர் மாடியில் சும்மா இருந்தார். பெருநாளன்று முதலாளி வீட்டு பிரியாணி மாடிக்குப் போனது.

பெருநாளுக்குப் பிறகு பரிசோதனை முடிவு வந்தது. கிருமி இல்லை.

வேலையில் இருந்த காலத்தில் இந்த முடிவு வந்தால் நோயாளியின் தோளைத் தட்டுவேன். சீன ஆச்சிமார்கள் எனக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு நாள் தவறாமல், நோன்பிலும் தவறாமல், ஒரு மனிதர் விழுங்கியதற்குக் கிடைத்த பலன் அது. நான் சாட்சி. அவர் ஒழுங்காக விழுங்கியதால் விமானத்தில் ஏறத் தகுதியானார். முறை தவறி விழுங்கியிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இங்கே இருந்திருக்கலாம்.

மருத்துவமனையில் கிடந்த மெத்தைக்காரரை யாரும் அனுப்ப முடியாது. அவர் சளியில் கிருமி இருந்தது.

கடைசிக் காலையில் சைக்கிள் இல்லாமல் நடந்து வந்தார். பாட்டில் இருந்தது. விழுங்கினார், ஆ காட்டினார். ஒரு மாதத்து மாத்திரை, மாற்றல் கடிதம், அங்கே எங்கே போக வேண்டும் என்ற விவரம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன்.

"ஊர்ல யாரு முன்னாடிக்கா முழுங்குறது?"

"அங்கயும் இலவசம்தான் தம்பி. ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிஞ்சா போதும். நீங்க போகக்கூட வேணாம். அவங்களே வீடு தேடி வந்து பாத்துக்குவாங்க."

"அதான்க்கா" என்றார். "வீடு தேடி வருவாங்க."

கிளாசில் தண்ணீர் ஊற்றி நீட்டினேன். "பழகிருச்சுக்கா" என்று தன் பாட்டிலையே எடுத்தார்.

அதனால் கைப்பேசியில் ஏற்பாடு செய்துகொண்டோம். வீடியோவில் பார்ப்பதும் சாட்சிதான், அதற்கும் இப்போது அனுமதி உண்டு. எனக்கு நன்றாக விடிந்திருக்கும்போது அவருக்கு இருட்டு பிரியாத நேரம். கருவேல மரங்களுக்கு நடுவிலிருந்து கூப்பிடுவார். ஒரு நாள் நின்றுகொண்டிருந்த காலிப் பேருந்துக்குள்ளிருந்து. கைப்பேசியை மிக அருகில் வைத்துக்கொள்வதால் திரை முழுக்க அவருடைய அண்ணம் மட்டும் தெரியும். நான் கேட்காமலே நாக்கைத் தூக்குவார். "சாப்பாடெல்லாம் நல்லா இருக்கா?" என்றால், "மீன் கெடைக்குது மிஸ்ஸிக்கா. டீதான் நான் போடறதில்ல. கை வலின்னு சொல்லி வச்சிருக்கேன்" என்பார்.

ஒரு நாள் அவர் வாயைத் திறந்திருக்கும்போது பின்னால் ஒரு பெண்ணின் குரல். "இங்க என்ன பண்றீக?" திரை இருண்டது.

அதன் பிறகு அழைப்பு இல்லை. நான் அனுப்பிய செய்திகளுக்குப் பக்கத்தில் போய்ச் சேரவில்லை என்ற ஒற்றைக் குறி மட்டும் நிற்கிறது.

கொடுத்த மாத்திரைகள் தீர்ந்திருக்கும் சமயத்தில், விவரத்தில் எழுதியிருந்த அந்த ஊர்ச் சுகாதார நிலையத்தைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். சுறுசுறுப்பான குரல். அந்தப் பெயரில் யாரும் வரவில்லை என்றார்.

"அட்ரஸ் சொல்லுங்க மேடம். நாங்க இன்னைக்கே வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்துர்றோம்."

முகவரி என் முன்னால் இருந்தது. படித்தால் அவர்கள் ஜீப்பிலோ ஸ்கூட்டரிலோ போய் டீக்கடை முன்னால் நிறுத்தி, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்க விசாரிப்பார்கள். படிக்காவிட்டால் பாதியில் நின்ற மருந்தோடு அவர் கருவேலங்காட்டில் இருமுவார். தெரு, ஊர், தபால் எண், எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ விசாரிப்பது கேட்டது.

"மேடம், அப்படி ஒரு தெருவே எங்க ஊர்ல இல்லையே."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். கிளினிக்கில் அவருடைய கேஸை என்னவென்று முடிப்பது எனக் கேட்டார்கள். வேறு இடத்துக்கு மாற்றப்பட்டவர் என்று ஒரு வகை இருக்கிறது, அதில் போடலாம் என்றேன். அது சரியான பதில்.

மெத்தைக்காரரை மருத்துவமனையிலிருந்து விட்டுவிட்டார்கள். வேலை இல்லை, ஆனால் சளிப் பரிசோதனை முடிவு தெரியும்வரை மாடியில் தங்க முதலாளி இடம் கொடுத்திருக்கிறார். மெத்தை இப்போது அவருக்கு மட்டும். தினமும் காலையில் அதே சைக்கிளில் என் கேட்டுக்கு வருகிறார். அதிகம் பேசுவதில்லை. சொந்தப் பாட்டில் வைத்திருக்கிறார். விழுங்குகிறார், ஆ காட்டுகிறார், ஒரு நாளும் தவறவில்லை. இருமல் அடங்கிவிட்டது, கழுத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது.

அடுத்த வாரம் அவருக்குச் சளிப் பரிசோதனை. நன்றாகத்தான் வரும்.